நீதிபதி பதவியில் நீடிக்க எது சரியான வழி? கான்சஸ் வாக்காளர் முன் வந்த கேள்வி

அமெரிக்காவின் கான்சஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள். ஒரு தேர்வுக் குழு மூன்று பெயர்களைக் கொடுக்கும். ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார். முதல் ஆண்டு கழிந்ததும் ஒருமுறை, அப்புறம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, அந்த நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில் வரும். எதிர்த்து நிற்க யாரும் இல்லை, கட்சிச் சின்னமும் இல்லை. இவர் பதவியில் நீடிக்கலாமா என்ற ஒரே கேள்விதான்: ஆம் அல்லது இல்லை. இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு நீதிபதிகளை நேரடியாகத் தேர்தலில் நிறுத்தலாமா என்று 2026 ஆகஸ்ட் 4 அன்று வாக்காளர்களிடமே கேட்பதென 2025-ல் மாநில சட்டமன்றம் தீர்மானித்தது.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். நம் ஊரில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் ஓய்வு பெறுவார்; நடுவில் யாரும் போய் ஓட்டுக் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் கூட்டரசு நீதிபதிகளுக்கு ஆயுள் முழுக்கப் பதவி. ஆனால் விவாகரத்து, கொலை, வாடகைத் தகராறு, விபத்து இழப்பீடு என்று மக்கள் அன்றாடம் படியேறும் வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு கட்டத்தில் நீதிபதி மக்களைச் சந்தித்தாக வேண்டும். குடியுரிமை வாங்கிக்கொண்டு அங்கே ஓட்டுப் போடும் நம்மவர்கள் பலருக்கும், சீட்டின் பின்பக்கம் முழுக்க முன்பின் தெரியாத நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக வருவது பழகிய விஷயம். பலர் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நீதிபதி முதன்முதலில் எப்படிப் பதவிக்கு வருகிறார் என்பது ஒரு கேள்வி. வந்தவர் எப்படி நீடிக்கிறார் என்பது வேறு கேள்வி. பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தீர்ப்பு எழுதும் கையை நடுங்க வைப்பது அதுதான். எனவே ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: பதவிக்காலம் முடியப்போகும் கடைசி ஆண்டில், ஊரே கொதித்துப்போயிருக்கும் ஒரு வழக்கு மேசைக்கு வந்தால், இந்த முறை நீதிபதியை எந்தப் பக்கம் தள்ளும்?

முதலில் கட்சித் தேர்தல். டெக்சஸ், அலபாமா போன்ற மாநிலங்களில் நீதிபதி கட்சி வேட்பாளராக நின்று, எதிர்க்கட்சி வேட்பாளரை வென்று வர வேண்டும். இது யாரோ புத்தியில்லாமல் கொண்டுவந்த ஏற்பாடு இல்லை. 1832-ல் மிசிசிப்பி எல்லா நீதிபதிகளையும் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கும் முதல் மாநிலமானது. 1846-ல் நியூயார்க் அந்த வழிக்கு வந்தபின் மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் கடன்பட்ட நீதிபதியை விட மக்களுக்குக் கடன்பட்ட நீதிபதி மேல் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான வாதம்தான்.

நடைமுறையில் என்ன ஆனது? 2018-ல் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் தேர்தலுக்கு வந்த 59 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சி அள்ளிக்கொண்டு போனது. பல ஆண்டு அனுபவம் உள்ள குடியரசுக் கட்சி நீதிபதிகள் ஒரே இரவில் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் நன்றாக வேலை பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று எந்த வாக்காளரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு காற்று ஒரு பக்கம் அடித்தது, அவ்வளவுதான். அப்போது டெக்சஸில் ஒரே குறியில் ஒரு கட்சி முழுமைக்கும் ஓட்டுப் போடும் வசதியும் இருந்தது. நீதிபதி தன் நீதிமன்றத்தில் என்ன செய்தார் என்பதற்கும் பதவியில் நீடிப்பதற்கும் தொடர்பே இல்லாமல் போகும் முறைக்கு மக்களுக்குப் பதில் சொல்லும் முறை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அலபாமா இன்னும் கனமான உதாரணம். அங்கே 2017 வரை, ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்று சொன்னாலும் நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதிக்கலாம். 2013-ல் அப்படிப்பட்ட ஒரு வழக்கில் கூட்டரசு உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமயோர் மாறுபட்ட கருத்து எழுதியபோது, கட்சித் தேர்தலில் நிற்க வேண்டிய அலபாமா நீதிபதிகள் தேர்தல் அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டதாகத் தெரிகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒருவர் உயிரோடு இருப்பதும் இல்லாததும் நீதிபதியின் தேர்தல் நாட்காட்டியைப் பொறுத்து அமையக்கூடும் என்றால், அந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பணம் இன்னொரு பக்கம். மேற்கு வர்ஜீனியாவில் மேஸி எனர்ஜி என்ற நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஜூரி 5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக இருந்த வேளையில், 2004-ல், அந்த நிறுவனத்தின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டு, பதவியில் இருந்த நீதிபதி வாரன் மெக்ரா தோற்கவும் பிரென்ட் பெஞ்சமின் ஜெயிக்கவும் உதவினார். வழக்கு வந்தபோது பெஞ்சமின் விலக மறுத்தார். 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமானது. 2009-ல் கூட்டரசு உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற குறுகிய பெரும்பான்மையில், அவர் விலகியிருக்க வேண்டும் என்று சொன்னது. அதன் பிறகு மறுவிசாரணையிலும் வழக்குத் தொடுத்தவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெஞ்சமின் சட்டப்படி சரியாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் தோற்றவர் அதை எப்படி நம்புவார்?

கட்சிப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, எதிர் வேட்பாளரை வைத்துக்கொள்ளும் முறை விஸ்கான்சினில் இருக்கிறது. பெயரளவில்தான் வித்தியாசம். 2008-ல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான லூயி பட்லர் தோற்கடிக்கப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞராக அவர் ஒரு குற்றவாளிக்காக வாதாடியதை எடுத்து, அவரால்தான் அந்த ஆள் வெளியே வந்து மறுபடி குற்றம் செய்தான் என்று தோன்றும்படி தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. உண்மையில் அந்த ஆள் தண்டனைக் காலத்தைச் சிறையில் கழித்து, பரோலில்தான் வெளியே வந்திருந்தார். 2025-ல் அதே நீதிமன்றத்தின் ஒரே ஒரு இடத்துக்கான போட்டியில் செலவு ஏறக்குறைய 10 கோடி டாலரைத் தொட்டது. கட்சி இல்லாத தேர்தல் என்று அதைச் சொல்வது சீட்டில் அச்சடிக்கும் விஷயத்தில் மட்டும்தான் சரி.

கான்சஸ் நேரடித் தேர்தலுக்கு மாறினால் போய்ச் சேரும் இடம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

சரி, இப்போது அங்கே இருக்கும் ஆம்-இல்லை ஓட்டு எப்படி வந்தது? இதற்கு மூல யோசனை 1910-களில் ஆல்பர்ட் கேல்ஸ் என்ற சட்டப் பேராசிரியருடையது. கலிஃபோர்னியா 1934-ல் மேல் நீதிமன்றங்களுக்கு ஆம்-இல்லை ஓட்டைக் கொண்டுவந்தது. தேர்வுக் குழு, ஆளுநர் நியமனம், பிறகு ஆம்-இல்லை ஓட்டு என்று முழு வடிவத்தில் முதலில் நடைமுறைப்படுத்தியது மிசூரி, 1940-ல். மிசூரி மாநிலத்திலேயே உள்ள கான்சஸ் சிட்டி நகரில் டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தலைவரின் ஆட்கள் நீதிபதிகளை ஆட்டிவைப்பதைப் பார்த்து அலுத்துப்போன மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி அதைச் சாதித்தார்கள். அதனால்தான் இன்றும் அதற்கு மிசூரி திட்டம் என்று பெயர்.

கான்சஸ் அந்தப் பக்கம் திரும்பிய கதை தனி. 1956-ல் ஆளுநர் ஃப்ரெட் ஹால் தன் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றுப்போனார். அவர் பதவி முடிய இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், உடல்நலம் குன்றியிருந்த தலைமை நீதிபதி பில் ஸ்மித் ஓய்வு பெற்றார். 1957 ஜனவரி 3-ல் ஹால் ஆளுநர் பதவியை ராஜினாமா செய்தார். துணை ஆளுநர் ஜான் மெக்கூயிஷ் ஆளுநரானார்; காலியாக இருந்த உச்ச நீதிமன்ற இடத்தில் ஹாலை நியமித்தார். மெக்கூயிஷ் ஆளுநராக இருந்தது மொத்தம் 11 நாள். தோற்ற ஆளுநர் நேராக உச்ச நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்த இந்தக் கூத்தைப் பார்த்த மக்கள் 1958-ல் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். அதுவரை கான்சஸ் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் தேர்தலில்தான் நின்றார்கள். தேர்தல் முறை வேண்டாம் என்று அந்த மாநிலம் ஒருமுறை அனுபவித்தே முடிவெடுத்தது. இன்று மாற்றம் கேட்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை.

ஆம்-இல்லை ஓட்டு சாதாரணக் காலத்தில் சத்தமில்லாமல் நடந்து முடியும். தோற்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் ஒரே சீட்டில் அறுபது எழுபது நீதிபதிகளின் பெயர்கள் வரும். 2018-ல் அங்கே ஒருவர் தோற்றபோது, கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் அதுவே முதல் தோல்வி. இப்படி யாருமே தோற்காத தேர்தல் எதற்கு என்று கேட்கலாம். கேட்கிறார்கள். ஜப்பானிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு இதே போன்ற வாக்கெடுப்பு உண்டு: வேண்டாம் என்றால் பெயருக்கு மேல் பெருக்கல் குறி போட வேண்டும், ஒன்றும் போடாவிட்டால் சம்மதம். 1949-ல் தொடங்கியதிலிருந்து ஒருவர்கூட நீக்கப்பட்டதில்லை.

ஆனால் நீதிபதி தோற்கும் அந்த அபூர்வமான தருணங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்த முறையின் பலவீனம் தெரியும். 1986-ல் கலிஃபோர்னியாவின் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தன் முன் வந்த 60-க்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூட அவர் தண்டனையை உறுதிசெய்யவில்லை. அவரோடு குரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் கிரோடின் ஆகிய இருவரும் போனார்கள். பேர்ட் விஷயத்தில் அவரது நிலைப்பாடு பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தது. மக்கள் யோசித்து முடிவெடுத்தார்கள் என்று வாதிட இடம் இருக்கிறது. 1996-ல் டென்னஸியில் பென்னி வைட்டுக்கு நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு மரண தண்டனை வழக்கு. குற்றத் தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனை குறித்து மட்டும் மறுபடி விசாரிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை அவர் எழுதவும் இல்லை, பெரும்பான்மையோடு சேர்ந்தார், அவ்வளவுதான். ஜூனில் தீர்ப்பு, ஆகஸ்டில் அவர் பதவி போனது. அந்த ஆண்டில் அவர் முறை வந்தது, அதுதான் அவர் செய்த குற்றம்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஓட்டோ காஸ் இந்த நிலைமையைப் பற்றிச் சொன்னது பலரும் எடுத்துக்காட்டுவது: குளியல் தொட்டியில் ஒரு முதலை கிடக்கும்போது அதைக் கவனிக்காமல் இருக்க முயல்வது போன்றது என்றார். சரியான தீர்ப்பைத்தான் சொன்னோமா, முதலைக்குப் பயந்து சொன்னோமா என்பது நீதிபதிக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அயோவாவுக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2009 ஏப்ரல் 3-ல் அயோவா உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள விடாமல் தடுக்கும் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி. அடுத்த ஆண்டு நவம்பரில், எட்டு ஆண்டுப் பதவிக்காலச் சுழற்சியின்படி, மூன்று பேரின் பெயர்கள் மட்டும் வாக்குச்சீட்டில் வர வேண்டியிருந்தது: தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர். அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கான கட்சி உள்தேர்தலில் தோற்றிருந்த பாப் வாண்டர் பிளாட்ஸ் இவர்களுக்கு எதிரான பிரசாரத்துக்குத் தலைமை தாங்கினார். வெளி மாநில அமைப்புகள் பணத்தைக் கொட்டின. மூன்று நீதிபதிகளும் பிரசாரக் குழு அமைக்கவில்லை, பணம் திரட்டவில்லை. நீதிபதி ஓட்டுக்காக அலையத் தொடங்கினால் நீதிமன்றத்தின் மரியாதை போய்விடும் என்று நினைத்தார்கள். சுமார் 54 சதவீதம் பேர் இல்லை என்று குத்தினார்கள். 1962-ல் அயோவா இந்த முறைக்கு வந்ததிலிருந்து ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி தோற்றது அதுவே முதல் தடவை. ஒரே நாளில் மூவர்.

2012-ல் அதே தீர்ப்பில் பங்கேற்ற டேவிட் விக்கின்ஸ் முறை வந்தது. அவர் தப்பித்தார். 2016-ல் தீர்ப்பை எழுதிய கேடியின் முறை வந்தது, மற்ற இருவரோடு. அதற்குள் 2015-ல் கூட்டரசு உச்ச நீதிமன்றமே நாடு முழுக்க அத்தகைய திருமணங்களை அனுமதித்துவிட்டது, ஊரும் ஆறிவிட்டது. கேடி எளிதாக ஜெயித்தார். எழுதியவர் இருந்தார், உடன் கையெழுத்துப் போட்டவர்கள் போனார்கள். தீர்ப்பு தவறு என்பதற்காக மக்கள் தண்டித்தார்கள் என்றால் எழுதியவரை எப்படி விட்டார்கள்? யாருடைய முறை எந்த ஆண்டில் வருகிறது என்ற தற்செயல்தான் முடிவு செய்தது.

அயோவாவில் மூவர் தோற்ற அதே 2010 நவம்பர் 2-ல் பக்கத்து மாநிலமான இல்லினாயில் வேறு மாதிரி நடந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கில்ப்ரைடுக்கு எதிராக வணிகத் தரப்பு அமைப்புகள் கிளம்பின. கோபத்துக்குக் காரணம் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்த சட்டத்தை அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் விளம்பரத்தில் மருத்துவமும் இல்லை, இழப்பீடும் இல்லை: கொடூரக் குற்றவாளிகளாக நடித்த நடிகர்கள் வந்து, நீதிபதி எங்கள் பக்கம் நின்றார் என்று பேசினார்கள். கில்ப்ரைடு அயோவாக்காரர்களைப் போலச் சும்மா இருக்கவில்லை. சுமார் 28 லட்சம் டாலர் திரட்டினார். பெரும்பகுதி ஜனநாயகக் கட்சி, தொழிற்சங்கங்கள், இழப்பீட்டு வழக்கறிஞர்கள் பக்கமிருந்து வந்தது. அதாவது நாளைக்கு அவர் முன் வழக்கோடு வந்து நிற்கக்கூடியவர்கள். இல்லினாயில் நீடிக்க 60 சதவீதம் ஆம் ஓட்டு வேண்டும். அதைத் தாண்டி ஜெயித்தார்.

பத்து ஆண்டு கழித்து, 2020-ல், அவர் முறை மறுபடி வந்தது. இந்தத் தடவை எதிர்த்தரப்பு எடுத்த ஆயுதம், அவர் ஜனநாயகக் கட்சியிடமும் அதன் மாநிலத் தலைவரான மைக்கேல் மேடிகனிடமும் பெற்ற உதவி. 56 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றே சொன்னார்கள். 60 எட்டவில்லை. பெரும்பான்மையினர் இருக்கட்டும் என்று சொன்ன நீதிபதி பதவி இழந்தார். 2010-ல் காப்பாற்றிய பணமே 2020-ல் கழுத்தைப் பிடித்தது. பணம் திரட்டாதவர் அயோவாவில் தோற்றார், திரட்டியவர் இல்லினாயில் தள்ளித் தோற்றார். ஆம்-இல்லை ஓட்டு அரசியலிலிருந்து நீதிபதியைக் காப்பாற்றும் என்று மிசூரிக்காரர்கள் 1940-ல் நம்பினார்கள். எதிர் வேட்பாளர் இல்லை என்பதால் பிரசாரம் இருக்காது என்று நினைத்தார்கள். எதிராளி இல்லாமலேயே எதிர்ப்பிரசாரம் நடத்த முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

தோற்பவர்கள் குறைவுதானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், தோற்காதவர்களைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் விசாரணை நீதிபதிகள் முதலில் கட்சித் தேர்தலில் வருகிறார்கள். பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆம்-இல்லை ஓட்டு. 1990-களின் பல்லாயிரம் தண்டனை உத்தரவுகளை கிரெகரி ஹூபர், சான்ஃபர்ட் கார்டன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். ஓட்டு நாள் நெருங்க நெருங்கத் தண்டனை கூடிக்கொண்டே போகிறது. அவர்கள் ஆராய்ந்த வழக்குகளில் மட்டும், தேர்தல் நெருக்கம் காரணமாகக் கூடுதலாக விதிக்கப்பட்ட சிறைக்காலம் மொத்தமாக 1,800 முதல் 2,700 ஆண்டுகள் வரை என்று கணக்கிட்டார்கள். அந்த நீதிபதிகளில் யாரும் தோற்கும் ஆபத்தில் இருந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. பயம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரே குற்றத்துக்கு, நீதிபதியின் பதவிக்காலம் தொடங்கிய ஆண்டில் நிற்பவருக்கு ஒரு தண்டனை, முடியும் ஆண்டில் நிற்பவருக்கு இன்னொன்று. சிறையில் கழித்த அந்தக் கூடுதல் மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

மக்கள் ஓட்டே வேண்டாம், பதவியை நீட்டிக்கும் வேலையை அரசிடமே விட்டுவிடலாம் என்ற வழியும் சில மாநிலங்களில் உண்டு. வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் சட்டமன்றம் நீட்டிக்கிறது. நியூஜெர்சியில் முதலில் ஏழு ஆண்டு. பிறகு ஆளுநர் மறுபடி பெயரை முன்மொழிந்து செனட் ஒப்புக்கொண்டால் 70 வயது வரை. அங்கே பல பத்தாண்டுகளாக, தகுதி உள்ள நீதிபதியை எந்தக் கட்சி ஆளுநரும் தடுக்க மாட்டார் என்ற மரபு இருந்தது. 2010-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, உச்ச நீதிமன்றத்தின் போக்கு பிடிக்காததால், ஜான் வாலஸை மறுபடி முன்மொழிய மறுத்தார். மரபு ஒருநாளில் முறிந்தது. ஆளுநரைப் பகைத்துக்கொள்ளாத நீதிபதி வேண்டுமா, கூட்டத்தைப் பகைத்துக்கொள்ளாத நீதிபதி வேண்டுமா என்ற தேர்வு இது. அரசுக்கு எதிரான வழக்குகள் அதிகம் வரும் உச்ச நீதிமன்றத்துக்கு முதலாவது கூடுதல் ஆபத்து என்று நினைக்கிறேன். ஹவாயில் நீட்டிப்பை ஆளுநரிடமும் விடாமல் தேர்வு ஆணையமே முடிவு செய்கிறது. இந்த வகையில் அது கொஞ்சம் தேவலை.

கடைசி வழி, இரண்டாவது தடவை என்பதே இல்லாமல் செய்வது. மாசசூசெட்ஸில் நியமனம் ஆனால் 70 வயது வரை பதவி. நியூ ஹாம்ப்ஷயரிலும் அப்படியே. ரோட் ஐலண்டில் வயது வரம்பும் இல்லை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றத்தில் 12 ஆண்டு, மறுநியமனம் கிடையாது. இந்த நீதிபதிகளுக்கு யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கடைசி ஆண்டு என்று ஒன்று இல்லை. நான் வைத்த அளவுகோலில் இதுதான் முதலில் நிற்கிறது.

மோசமான நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. லஞ்சம், வேலை செய்யாமல் கிடப்பது, வழக்காடிகளை அவமதிப்பது இவற்றுக்கெல்லாம் நடத்தை விசாரணை ஆணையங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. அவை மெதுவாகத்தான் நகரும், சக நீதிபதி என்ற பரிவும் இருக்கும், மறுக்கவில்லை. சட்டத்தைத் தவறாகப் படித்த நீதிபதிக்கு மேல்முறையீடு இருக்கிறது. கான்சஸே இதற்குச் சாட்சி. 2014-ல் அதன் உச்ச நீதிமன்றம், கார் சகோதரர்கள் என்று ஊரே அறிந்த கொடூரமான கொலை வழக்கில் மரண தண்டனையை ரத்து செய்தது. சில மாதத்தில் எரிக் ரோசன், லீ ஜான்சன் என்ற இரு நீதிபதிகள் ஓட்டுக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் உறவினர்களும் நண்பர்களும் எதிர்ப்பிரசாரம் செய்தார்கள், அந்த வேதனையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. இருவரும் சுமார் 53 சதவீதத்தில் தப்பினார்கள். 2016 ஜனவரியில் கூட்டரசு உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் கான்சஸ் நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று தீர்ப்பை மாற்றியது. தவறைத் திருத்தியது மேல் நீதிமன்றம்தான். அதற்கு எந்த நீதிபதியின் பதவியும் போக வேண்டியிருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கான்சஸ் வாக்காளரிடம் நான் சொல்வது: இருப்பதை விட்டுவிட்டு நேரடித் தேர்தலுக்குப் போகாதீர்கள். ஆம்-இல்லை ஓட்டில் உள்ள குறைகள் எல்லாம் நேரடித் தேர்தலில் பெரிதாகின்றன. எதிர் வேட்பாளர் வருவார், கட்சி வரும், ஒவ்வொரு முறையும் பணம் வரும். ஆம்-இல்லை ஓட்டில் பத்தில் ஒன்பது தடவை அது வருவதில்லை. எனக்குப் பிடித்த ஒற்றை நீண்ட பதவிக்காலம் 2026 சீட்டில் இல்லை, சீட்டில் இருக்கும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

இருப்பதை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை உண்டு. ஆறு ஆண்டை மிசூரி மேல் நீதிமன்றங்களைப் போல 12 ஆக்கலாம். ஒரு நீதிபதி ஓட்டுக்குப் பயப்பட வேண்டிய ஆண்டுகள் பாதியாகும். அதைவிட அவசரம், வாக்காளருக்குத் தகவல். அலாஸ்காவில் ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் வழக்கறிஞர்கள், போலீசார், சமூகப் பணியாளர்கள், நீதிமன்ற ஊழியர்கள், ஜூரியில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு அறிக்கை வெளியிடுகிறார்கள். யூட்டாவில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து, நீதிபதி எதிரில் நிற்பவரைப் பேச விடுகிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா என்று குறித்துக்கொள்கிறார்கள். கொலராடோவில் மதிப்பீட்டுச் சுருக்கம் தேர்தல் கையேட்டிலேயே வீட்டுக்கு வரும். கான்சஸிலும் இப்படி ஓர் ஆணையம் 2006-ல் சட்டப்படி உருவானது; நிதி இல்லாமல் நின்றுபோனது. அதை மறுபடி எழுப்புவதற்கு அரசியல் சாசனத் திருத்தம்கூட வேண்டாம், பட்ஜெட்டில் ஒரு வரி போதும். இந்த மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள் சீட்டின் பின்பக்கத்தை வெறுமையாக விடுவதற்கு முன், அந்த அறிக்கையை எடுத்துப் படிக்கலாம். அரை மணி நேர வேலை. ஒரு நீதிபதியின் ஒரு தீர்ப்பை மட்டும் காட்டி இல்லை போடச் சொல்லும் துண்டறிக்கையை விட அது பல மடங்கு நம்பகமானது.

மாற்றம் கேட்பவர்களின் குறைகளில் ஒன்று எனக்கு நியாயமாகப் படுகிறது. கான்சஸின் ஒன்பது பேர் தேர்வுக் குழுவில் ஐந்து பேர் வழக்கறிஞர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வழக்கறிஞர்களே. பொதுமக்கள் பக்கம் ஆளுநர் நியமிக்கும் நான்கு பேர்தான். ஒரு தொழில்காரர்கள் தங்கள் முன் உட்காரப்போகிறவரைத் தாங்களே பெரும்பான்மையாக இருந்து பொறுக்குவது சரியில்லை. அந்த ஐந்தை நான்காக்கி, நான்கை ஐந்தாக்கி, ஐந்தாவது ஆளைச் சட்டமன்றத்தின் இரு கட்சியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். நீதிபதி எப்படி வருகிறார் என்பதில் உள்ள அந்தக் குறைக்கு, அவர் எப்படி நீடிக்கிறார் என்பதைத் தேர்தல் களத்தில் தள்ளிவிடுவது மருந்தாகாது.